கேர்ணல் துரையை ஓயாவில் இறக்கிய கதை

என் பெயருக்கு முன்னால் ‘கேர்ணல்’ என்று போட்டு யாராவது கல்யாணப் பத்திரிகை அனுப்பினால், அதைப் பிரிக்கும்போதே எனக்கு இடுப்புக்குக் கீழே சில்லென்று நனைகிற மாதிரி இருக்கும். வயதுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள் (அது தனி விஷயம், அதற்கு வேறு மருந்து சாப்பிடுகிறேன்). ராணுவப் பொறியியல் படையில் பெரிய பதவியில் இருந்தவன் என்றால் ஊருக்குள் ஒரு மரியாதை. பாலம் போடுவான், பாறையை வெடி வைத்துப் பிளப்பான், காட்டுக்குள் பாதை வெட்டுவான் என்று பேசிக்கொள்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் என் தலைமையில் கட்டிய முதல் பாலம் திறந்து வைத்து ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அது விழுந்தபோது, என்னை அதிகாரியாக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வந்த மனிதர் சரியாக அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தகவலை நான் எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை.

முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. கண்டியில் ரோட்டு வேலையில் ஓவசியர். ஆட்கள் கல் பரப்புவதைக் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பதுதான் உத்தியோகம். மிச்ச நேரத்தில் தொண்டர் படையின் பொறியியல் பிரிவில் இருந்தேன். சனிக்கிழமைகளில் முடிச்சுப் போடப் பழகுவோம், வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் முகாம். அந்த வருஷம் எங்கள் பிரிவிலிருந்து ஒரு தமிழ்ப் பையனை அதிகாரிப் பதவிக்குச் சிபாரிசு செய்யலாம் என்று மேலிடத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அந்தப் பையன் நான்தான் என்று எனக்குச் சொன்னார்கள். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கண்டி முழுவதற்கும் சொல்லிவிட்டார்.

அப்பா ஒரு மொத்தக் கடையில் தலைமைக் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு, இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து, “நம்ம சவரிமுத்து லெப்டினன்ட் ஆகப் போறான்” என்பார். ‘ஆகப் போறான்’ என்பது இரண்டு வாரத்தில் ‘ஆயிட்டான்’ ஆனது. மூன்றாவது வாரம் தையல்காரரைக் கூட்டி வந்து அதிகாரிக் கோட்டுக்கு அளவு எடுக்க வைத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. தடுப்பதா? நெஞ்சை இன்னும் இரண்டு அங்குலம் உப்பிக்கொண்டல்லவா அளவு கொடுத்தேன்!

முடிவு சொல்ல வேண்டியவர் கேர்ணல் துரை. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொறியியல் படையிலேயே ஊறிய வெள்ளைக்காரர். பெரிய யுத்தத்தில் பிரான்சில் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஆற்றில் மிதவைப் பாலம் போட்டவர். பிறகு இந்தியாவின் வடமேற்கு எல்லையில் மலைக்கு மலை கயிறு கட்டிக் கோவேறு கழுதைகளை நடத்திக் கொண்டுபோனவர். பாலைவனத்தில் ரயில் பாதை போட்டவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் கீழ் யார் பாலம் கட்டினாலும் அதில் முதல் அடி அவர்தான் வைப்பார். அவர் கடந்த பிறகுதான் மற்றவர்கள். அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. “இரண்டு தடவை குண்டு பட்டிருக்கிறேன், ஒரு தடவையும் நனைந்ததில்லை” என்று சாப்பாட்டு மேசையில் சொல்வாராம். (அவர் பேசியது எல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். அவர் திட்டியதை மட்டும் எந்த மொழியிலும் சொல்வதாக இல்லை.)

அவர்மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். அவரைப் போல மீசை வளர்த்தேன். அது இடது பக்கம் மட்டும் சம்மதித்தது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அவர் நடையைப் பழகினேன். முழங்காலை மடக்காமல், குதிகாலை ஓங்கி வைத்து நடக்கும் நடை. அம்மா அடுப்படியிலிருந்து, “யார்ரா அது, உரல உருட்டுறது?” என்று சத்தம் போடுவாள்.

முகாம் கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அமைந்தது. தோட்டத்துக்கு நடுவே ஓர் ஓயா, அதாவது சிற்றாறு, ஓடுகிறது. அதில் இருந்த பழைய நடைபாலத்தை முந்தின மழையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், அக்கரையில் கொழுந்து நிறுக்கும் மடுவம். பெண்கள் முதுகில் கொழுந்துக் கூடையோடு மூன்று மைல் சுற்றிப் போகிறார்கள். போய்ச் சேர்வதற்குள் கொழுந்து வாடுகிறது, திட்டு விழுகிறது. ஆகவே அங்கே தொங்குபாலம் கட்டுவது எங்களுக்குப் பயிற்சி, தோட்டத்துக்கு உதவி, எனக்குப் பரீட்சை. பதினைந்து ஆட்களை என் பொறுப்பில் விட்டார்கள். துணைக்குச் சார்ஜன் கந்தையா. யாழ்ப்பாணத்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல முகத்தை வைத்திருப்பார்.

பாலம் அழகான பாலம்! கொழுந்துச் சாக்குகளை மலையிலிருந்து கீழே அனுப்புகிற கம்பிக் கயிறு இரண்டைத் தோட்டத்தில் தந்தார்கள். அவற்றைக் கரைக்குக் கரை இழுத்து, இரு பக்கமும் மண்ணுக்குள் கிடையாகப் புதைத்த மரக்கட்டைகளில் சுற்றிக் கட்டினோம். மேலே சவுக்குப் பலகை. பிடிமானத்துக்கு இடுப்பு உயரத்தில் கயிறு. கட்டி முடித்த அன்று நான் தனியாக நடுவில் போய் நின்று, கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்து, கேர்ணல் துரை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பார்க்க யாரும் இல்லாததுதான் ஒரே வருத்தம்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கங்காணி ராமையா கரையிலிருந்து கூப்பிட்டார்.

“ஐயா, நாளைக்குப் பெரிய தொரை வாராராமே. நம்ம சனம் சும்மா நின்னு வேடிக்கை பார்த்தா நல்லாவா இருக்கும்? மாலை வாங்கிருக்கோம். நம்ம பயலுகள வச்சுத் தப்பு அடிக்கலாமாய்யா?”

தப்பு தெரியும்தானே? தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் அடிக்கிற தோல் பறை. காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட ஒரு அடி, மாசியில் ஆடுகிற காமன் கூத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. நான் கொஞ்சமாவது யோசித்தேனா? இல்லை. கேர்ணலும் நானும் பாலத்தில் வருகிறோம், அக்கரையில் மேளம் முழங்குகிறது, கழுத்தில் மாலை விழுகிறது. படமாக ஓடியது கண்ணுக்கு முன்னால்!

“அடிங்க கங்காணி! நல்லா அடிங்க! நாங்க பாலத்துல கால் வச்சதும் ஆரம்பிச்சிடுங்க” என்றேன்.

“காமன் கூத்து அடி போடவாய்யா? அதுதான் காலு நிக்காது.”

“அதையே போடுங்க!”

இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். படை வரிசையாகப் பாலத்தைக் கடக்கும்போது ‘பிரேக் ஸ்டெப்’ என்று ஒரு கட்டளை கொடுப்பார்கள். ஒரே அடியாக நடக்காதே, அடியைக் கலைத்து ஆளுக்கொரு மாதிரி நட என்று அர்த்தம். இருபது கால் ஒரே நேரத்தில் விழுந்தால் பாலம் ஊஞ்சல் ஆடத் தொடங்கும். ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி மறுபடி கால் விழுந்தால் ஆட்டம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் அறுந்துவிடும். பொறியியல் படையில் சேர்ந்தவனுக்கு முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம் இது. எனக்கு இது தலைகீழாகத் தெரியும். எழுத்துப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கேர்ணல் துரை வந்தார். அதற்கு முன்னாலேயே அப்பா வந்துவிட்டார். கண்டியிலிருந்து பேராதனை வழியாகப் பஸ்ஸில். கறுப்புக் கோட்டு, குடை, கையில் ஒரு பொட்டலம். பொட்டலத்தில் என்ன என்று கேட்டேன்.

“கோட்டுடா. தச்சுக் குடுத்துட்டான். தொரை சரின்னு சொன்னதும் போட்டுக்க.”

சார்ஜன் கந்தையா அக்கரையைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, உவங்கள் என்னத்துக்குப் பறையோட நிக்கிறாங்கள்?”

“வரவேற்புக்கு, சார்ஜன்.”

“ஆர் வரச் சொன்னது?”

“நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நாங்கள் நடுப்பாலத்தில நிக்கேக்க அடிக்கப் போறாங்களோ?” என்று கேட்டார். அதற்குள் கேர்ணல் துரை பாலத்து வாசலுக்கு வந்துவிட்டார். சார்ஜனுடைய கேள்வி என் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. மூளை அப்போது மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

கேர்ணல் துரை கைப்பிரம்பால் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். குனிந்து கட்டை புதைத்த இடத்தைப் பார்த்தார். “மண் ஈரமாக இருக்கிறதே?” என்றார். “ஆழமாகப் புதைத்திருக்கிறோம், சார்!” என்றேன். (ஆழம் நாலு அடி. எனக்கு அது பாதாளமாகத் தோன்றியது.) அவர் தலையசைத்து முதல் அடி வைத்தார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் பதினைந்து ஆட்கள், கடைசியில் சார்ஜன். நான் திரும்பி, கலஹா முழுவதும் கேட்கிற மாதிரி, “பிரேக் ஸ்டெப்!” என்று கத்தினேன்.

முதல் பத்து அடி சொர்க்கம். ஆட்கள் ஆளுக்கொரு விதமாக நடந்தார்கள். பாலம் தொட்டில் மாதிரி லேசாக அசைந்தது, அவ்வளவுதான். கேர்ணல் துரை திரும்பாமலே, “நன்றாக இருக்கிறது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அக்கரையில் காமன் கூத்து அடி எழுந்தது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! மூன்று தப்பும் ஒன்றாக விழுந்தன. கங்காணி சொன்னது சத்தியம், கால் நிற்காது. என் பதினைந்து பேரில் பாதிப் பேர் தோட்டத்துப் பையன்கள். தாய் வயிற்றிலேயே அந்த அடியைக் கேட்டு வளர்ந்தவர்கள். கட்டளை மூளைக்குப் போயிருக்கும், மேளம் நேரே காலுக்குப் போய்விட்டது. இரண்டு பேர் அடி சேர்ந்தது, பிறகு ஐந்து பேர், பிறகு எல்லோரும். பலகை ‘தடக், தடக்’ என்றது. பாலம் எழுந்தது, இறங்கியது. இன்னும் உயரமாக எழுந்தது.

“அடியைக் கலை! அடியைக் கலை!” என்று கேர்ணல் துரை முன்னால் கத்துகிறார். “அடிய மாத்துங்கோடா!” என்று சார்ஜன் பின்னால் கத்துகிறார். நடுவில் ஒருவன் மட்டும் முழங்காலை மடக்காமல், குதிகாலை ஓங்கி ஓங்கி, எல்லோரையும்விடப் பலமாக, தாளம் ஒரு மயிரிழை பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தான். வாயெல்லாம் பல். யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அக்கரைக் கட்டை மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பக்கக் கம்பி தளர்ந்தது. பலகை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. கேர்ணல் துரை ஒரு கணம் பிடிகயிற்றில் தொங்கினார். பிறகு பிரம்போடு, தொப்பியோடு, பதக்கங்களோடு ஓயாவில் இறங்கினார். அவர்மேல் நான். என்மேல் பொறியியல் பிரிவு.

தண்ணீர் இடுப்பளவுதான். யாருக்கும் அடி இல்லை. மாதாவே, அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது. ஆனால் கங்காணிக்கு அது தெரியாதே! துரைமார் பாலம் திறந்தால் கடைசியில் தண்ணீரில் குதிப்பார்கள் போலும், அதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துவிட்டார். “இன்னும் வேகமா அடிங்கடா!” என்று கையைத் தூக்கினார். தப்பு இரட்டிப்பாக முழங்கியது. பெண்கள் வரிசையாக நின்று குலவை போட்டார்கள். கேர்ணல் துரையின் தொப்பி, மரியாதையெல்லாம் வாங்கிக்கொண்டு, மெதுவாக மகாவலி ஆறு இருக்கிற திசைக்குப் புறப்பட்டது.

அப்பா இக்கரையில் குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். குடைக்குப் பின்னாலிருந்து, “கயிறு சரியில்ல தொரை! தோட்டத்துக் கயிறு!” என்று குரல் மட்டும் வந்தது. பெற்ற மனம்.

கேர்ணல் துரை மீசையிலிருந்து தண்ணீரைப் பிழிந்தார். மேளம் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: “அந்த மேளத்தை ஏற்பாடு செய்தது யார்?”

எனக்கு முன்னால் சார்ஜன் கந்தையா சொன்னார், “நான்தான், சார்.”

நான் அவரைப் பார்த்தேன். அந்த மனிதர் கண்ணைச் சிமிட்டாமல் நேரே நிற்கிறார். எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா, வாயை மூடிக்கொண்டு இருக்க! கயிறு சரியில்லை என்று அப்பா சொல்கிறார், மேளம் என்னுடையது என்று சார்ஜன் சொல்கிறார், மண் ஈரம் என்று கேர்ணலே சொல்லியிருக்கிறார். கரையில் பொட்டலத்தில் கோட்டு காத்திருக்கிறது. ஆனால் வாய் திறந்துகொண்டது.

“இல்லை, சார். மேளம் சொன்னது நான். அடி போட்டதும் நான்.”

“நீ அடி போட்டது தெரியும்” என்றார் கேர்ணல் துரை. “என் முதுகுக்குப் பின்னால் ஒரு குதிரை வருகிறது என்று நினைத்தேன்.”

கரையேறி, பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு சிறு மீன் விழுந்தது. அதைத் தண்ணீருக்குள் திருப்பிப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சனிக்கிழமை பிற்பகல் நான் புறப்பட வேண்டும். அதற்குள் பாலம் நிற்க வேண்டும். மேளம் மறுபடி அடிக்க வேண்டும். நீ மேலே நடக்கக் கூடாது, கீழே நிற்க வேண்டும், நடுப்பாலத்துக்கு நேர் கீழே.”

“மேளம் வேண்டாமே, சார்” என்றேன் கெஞ்சலாக.

“இந்தச் சனங்கள் இந்தப் பாலத்தில் கல்யாணத்துக்குப் போவார்கள். பிணமும் கொண்டுபோவார்கள். மேளம் இல்லாமலா போவார்கள்? மேளம் தாங்காத பாலம் இவர்களுக்கு எதற்கு?”

நான் மறுபடி தண்ணீரில் இறங்கிப் பலகைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

நடந்தது என்னவென்று கங்காணிக்கு விளங்கியபோது அவர் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். “நம்ம தப்பு சத்தத்துல பாலம் விழுந்துடுச்சா? ஐயோ, ஐயாவோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டேனே!” என்றார். “நான் சொல்லித்தானே அடிச்சீங்க, எழும்புங்க” என்று தூக்கிவிட்டேன். எழுந்தவர் மண்வெட்டியைத் தூக்கினார். அப்பாவும் போகவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டார். (கண்டிக்குத் திரும்பினால் கோயில் வாசலில் பதில் சொல்ல வேண்டுமே.) கறுப்புக் கோட்டைக் கழற்றி ஒரு தேயிலைச் செடிமேல் போட்டுவிட்டு, வாழ்க்கையில் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கையால் மண் சுமந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டு அடி தோண்டிக் கட்டைகளைப் புதைத்து, மேலே கல் அடுக்கினோம். பாலம் எழும்பாமல் இருக்க இரு பக்கமும் கரைக்குச் சாய்வாக இழுகயிறு கட்டினோம். சார்ஜன் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. “இனி நிக்கும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நிக்கவேணும்” என்றார்.

அந்த ‘நிக்கவேணும்’ கேட்டுத்தான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது (என் யோசனைகளின் லட்சணத்தைப் பார்த்துவிட்டீர்கள்). ஓடிப்போய்க் கங்காணியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“கங்காணி, மூணு பேரும் ஒரே அடி அடிக்க வேணாம். ஒருத்தர் காலையில வேலைக்குக் கூப்பிடுற அடி. ஒருத்தர் காமன் கூத்து. ஒருத்தர்...”

“ஒருத்தரு?”

“சாவு அடி.”

கங்காணி ஓரடி பின்னால் போனார். “என்னய்யா பேசுறீங்க? கூத்தும் சாவும் ஒண்ணா அடிச்சா தோட்டம் வெளங்குமா? அடிக்கிற பயலுக கை வருமா?”

“மூணு அடி கலந்தா யாரு காலும் சேராது கங்காணி. பாலம் நிக்கும். இது நின்னாத்தான் உங்க பொம்பளைங்க மூணு மைல் சுத்தாம போகலாம்.”

முதுகில் கூடையோடு காத்து நின்ற பெண்களை அவர் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “மாரியாத்தா மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓயாவில் இறங்கி நடுவில் நின்றேன். இடுப்பளவு தண்ணீர், ஐஸ். மேலே வெள்ளை வெளிச்சம் பலகை இடுக்குகளில் கோடு கோடாக. கேர்ணல் துரை முதல் அடி வைத்தார். பின்னால் என் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் கூப்பிடாமலே கொழுந்துப் பெண்கள். எல்லோருக்கும் கடைசியில், குடையோடு, அப்பா! “அப்பா, நீங்க வராதீங்க!” என்று கத்தினேன். தப்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மூன்று அடியும் ஒரே நேரத்தில் எழுந்தன. அப்படி ஒரு அவலட்சணமான மேளத்தை மலைநாடு அதற்கு முன் கேட்டிருக்காது. ஒரு கால் எழுந்தால் ஒரு கால் தயங்கியது. ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். பாலம் அசையவே இல்லை. நான் தண்ணீருக்குள் நின்றபடியே கைதட்டினேன்.

நடுவில் வந்ததும் கேர்ணல் துரை பிரம்பைத் தூக்கினார். மேளம் நின்றது. எல்லோரும் நின்றார்கள். பலகை இடுக்கு வழியாக அவருடைய ஒரு கண் என்னைப் பார்த்தது.

“மூன்று பேரும் மூன்று விதமாக அடிக்கிறார்கள். யார் யோசனை?”

“என்... என் யோசனைதான், சார்.”

“கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நீ ஊருக்குப் போன பிறகு இவர்கள் ஒரே அடிதான் அடிப்பார்கள். இப்போது ஒரே அடி அடிக்கச் சொல்.”

கரையிலிருந்து சார்ஜன் என்னைப் பார்க்கிறார். மேலே நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர்களில் என்னைப் பெற்றவர் ஒருவர். சொன்னால் அவர்கள் உயிர், சொல்லாவிட்டால் என் உத்தியோகம். எட்டு அடி ஆழத்தை மனதுக்குள் இன்னொரு முறை தோண்டிப் பார்த்தேன். கல்லை எண்ணிப் பார்த்தேன். முடிச்சுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்:

“கங்காணி! காமன் கூத்து!”

விழுந்தது அடி. நாற்பது பேர் கால் ஒன்றாக விழுந்தது. பலகைத் தூசு என் கண்ணில், வாயில், கோணல் மீசையில் கொட்டியது. கம்பி ‘கிர்ர்’ என்றது. இழுகயிறுகள் விறைத்தன. நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டேன், பாலம் விழுந்தால் தாங்கிவிடுவேன் என்று! “மிதிங்க! இன்னும் மிதிங்க!” என்று கேர்ணல் துரை ஆங்கிலத்தில் கத்த, அது தமிழ் என்றே எல்லோருக்கும் விளங்கியது. அவரே குதிகாலை ஓங்கி வைத்து ஆடினார். பெண்கள் சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். அப்பா குடையை மூடிப் பலகையில் தாளத்துக்குக் குத்தினார். பாலம் நின்றது. நின்றதையா, நின்றது! நான் தண்ணீருக்குள்ளேயே முழங்காலிட்டு அழுதேன். மூக்குவரை தண்ணீர் வந்துவிட்டதால் அதிக நேரம் அழ முடியவில்லை.

மாலையைக் கங்காணி கேர்ணல் துரைக்குப் போட்டார். எனக்கு மாலை இல்லை. ஆனால் காலில் ஏழு அட்டை கடித்திருந்தது.

சிபாரிசுக் கடிதத்தின் நகலைப் பிறகு ஒருநாள் பார்த்தேன். நாலே வரி. “இவர் கட்டிய முதல் பாலத்தில் நான் நனைந்தேன். குற்றத்தை மறைக்கவில்லை. இரண்டாவது பாலத்தில் என்னை ஏமாற்றப் பார்த்தார். ஏமாற்றத் தேவையில்லாதபடி கட்டியிருந்தார், சிபாரிசு செய்கிறேன்.” அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். முதல் மூன்று வரியையும் மறைத்து மாட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கண்டியில் எனக்குக் கல்யாணம். பெண் ரெஜினா, பிலிமத்தலாவைக்காரி. பூசை முடிந்து, நான் லெப்டினன்ட் கோட்டோடும் அவள் வெள்ளைச் சேலையோடும் கோயில் படியிறங்கினோம். வாசலில் கங்காணி ராமையா. பக்கத்தில் மூன்று தப்புக்காரர்கள். கலஹாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். “ஐயாவுக்குப் புடிச்ச மேளம் கொண்டாந்திருக்கோம்!” என்று கை கூப்பினார். நான் “கங்காணி, வேணாம்...” என்று வாயெடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் காலை வேலைக்குக் கூப்பிடுகிற அடி. ஒருவர் காமன் கூத்து. ஒருவர் மனதார, குறையில்லாமல், சாவு அடி. ரெஜினாவின் பெரியம்மா “யாரு செத்தது?” என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். என் மாமனார் குதிரை வண்டிக்காரனிடம் திரும்பிப் போகலாமா என்று கேட்டாராம். நான் நடக்க ஒரு கால் வைத்தேன், அவள் வேறொரு கால் வைத்தாள், வண்டிவரை முட்டிக்கொண்டே போனோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பதவிக்கு மரியாதை கிடையாது. நான் ஏதாவது கட்டளை போடுகிற குரலில் பேசினால் பிள்ளைகள் மேசையில் மூன்று விதமாகத் தட்டுவார்கள். போன மாதம் ரெஜினாவும் நானும் ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பெரிதாகச் சண்டை போட்டோம். மூத்த மருமகள் புதுசு, பயந்துபோய் அவளிடம் கேட்டிருக்கிறாள், “ஏன் அத்தை, நீங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்துலயாவது ஒத்துப்போனதே இல்லையா?”

ரெஜினா என் காதில் விழுகிற மாதிரியே பதில் சொன்னாள்:

“ஐயோ, ஒத்துப்போயிட்டா என்ன ஆகும்னு இவரக் கேளு! அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அடி வச்சுதாம்மா இந்தக் குடும்பம் இவ்வளவு நாளா விழாம நிக்குது.”